மேல்வாசல்

இந்த அறையின் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, ஐயா. உங்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லையா? ஆள் கூடும் இடத்தில் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். பத்துப் பேர் பயந்துபோய் ஒரே நேரத்தில் வந்து முட்டினால், உள்ளே திறக்கிற கதவை எவனாலும் இழுக்க முடியாது. பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனைக் கதவோடு சேர்த்து அப்பிவிடுவான். ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் கீலை மாற்றி அடிக்கச் சொல்லுங்கள், அரைநாள் வேலைதான். தேநீருக்கு நன்றி. சர்க்கரை சற்று தூக்கல், பரவாயில்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வைந்தோங்கோ கிராமத்துப் பொதுக்கூடத்துக்குத் தீப் பாதுகாப்புப் பொறுப்பாளன் நான். லம்பாசா நகரத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டையும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் தந்தார்கள். செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். எனக்கு அது மனப்பாடம்.

ஆனால் அது நேற்று வந்த வேலை. என் பிறவி வேலை வேறு. எங்கள் ஊர்த் தலைவர் ராத்து லெவானிக்கு நான் வாக்குக்காரன். அவருடைய அப்பாவுக்கு என் அப்பா வாக்குக்காரர். சபையில் ராத்து நேராக ஊராரிடம் பேசுவதில்லை. என் காதில் சொல்வார், நான் எழுந்து ஊருக்குச் சொல்வேன். ஊராருக்கு ஏதாவது வேண்டுமென்றால் தரையில் அமர்ந்து, உள்ளங்கையைக் குவித்துக் கைதட்டி, முதலில் என்னிடம் கேட்பார்கள். என் வாயிலிருந்து வராதவரை ராத்து சொன்னது சொன்னதாகாது. நீங்களும் இந்த நாட்டுக்காரர்தான், உங்களுக்குத் தெரியும். நாளை இதைப் படிக்கப்போகிற வெளியூர் வழக்கறிஞர்களுக்காகச் சொல்கிறேன்.

பழைய கூடத்தைப் புயல் கொண்டுபோனது. புதியதைச் சிமென்ட் கல்லில், தகரக் கூரையோடு, விதிப்படி கட்டினோம். அந்த அளவுக் கூடத்துக்கு இரண்டு கதவு போதும் என்பது விதி. சாலைப் பக்கம் கீழ்வாசல், அது ஊராருக்கு. கடல் பக்கம் மேல்வாசல், அது ராத்துவுக்கு. கூடத்தில் அவர் உட்காரும் இடம் மேல்வாசலுக்கு நேர் முன்னால். அவர் தலைக்குப் பின்னால் யாரும் நடமாடக் கூடாது. அவருக்கு வலது பக்கத்தில், கதவுக்கு ஒரு கை தூரத்தில் நான் உட்காருவேன். ஒலிபெருக்கி திருடுபோன பிறகு ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி அடித்தோம். உள்ளிருந்து திறக்கிற மாதிரி அடிக்கச் சொல்லியிருந்தார்கள். கம்பியைப் பற்றவைத்த வெல்டர் அதைச் செய்யவில்லை. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை, அதை அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ரோஷ்னி லதா என்று பெயர். ஆள் குள்ளம், குரல் மட்டும் கப்பல் சங்கு. ஊரைக் கூடத்துக்குள் உட்காரவைத்து விசில் ஊதினார். மொத்த ஊரும் கீழ்வாசலில் போய் அடைத்துக்கொண்டது. ஒருவர்கூட மேல்வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ரோஷ்னி லதா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்தப் பக்கம் ஒரு கதவு சும்மா கெடக்கே, கண்ணுக்குத் தெரியலயா?"

என் தம்பி மனைவி அசெனாதா பதில் சொன்னாள். தம்பி கடலில் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. பாடகர் குழுவை நடத்துவது அவள்தான், வாய்க்கும் பஞ்சமில்லை.

"அது ராத்து வாசலாச்சே. அவரு தலைக்குப் பின்னால நாங்க எப்பிடி ஓடுறது?"

"தீப்பிடிச்சாகூடவா?"

"தீப்பிடிச்சா அவரு தலை தலையில்லாம போயிருமா?"

கூடமே சிரித்தது. ரோஷ்னி லதாவும் விடவில்லை. "சரி, அப்ப தீகிட்டயும் சொல்லி வைங்க. வந்தா மேல்வாசல் பக்கமா மட்டும் வரணும், கீழ்வாசலுக்கு வரக்கூடாதுன்னு."

ராத்துவுக்கு அது பிடித்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு என் காதருகே குனிந்தார். "கெலேபி, சொல்லுப்பா. தீன்னு வந்துட்டா என் தலை மேல ஏறி மிதிச்சிகூட ஓடலாம். வழுக்கத் தலதான், பாத்து ஏறச் சொல்லு."

நான் எழுந்து நின்று ஊருக்குச் சொன்னேன்: பேராபத்துக் காலத்தில் மேல்வாசல் வழியே செல்ல ராத்து மனமிரங்கி இசைவு தருகிறார், வாக்குக்காரனிடம் முறைப்படி கேட்டுக்கொண்டு செல்லலாம். கேட்டுக்கொண்டு என்பது நான் சேர்த்தது. அவர் சொன்னது அரைகுறையாக இருந்தது, வழுக்கைத் தலையைப் பற்றியெல்லாம் சபையில் சொல்ல முடியாது. எப்போதும் அவருடைய பேச்சை இப்படித்தான் நான் திருத்திச் சொல்வது. அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

ரோஷ்னி லதா மட்டும் மறுத்தார். "கேக்கிறது கெஞ்சுறதெல்லாம் கெடையாது. கதவுல உள்பக்கம் மாட்டியிருக்கிற அந்த இரும்புத் தண்டத் தள்ளுனா கதவு தொறக்கும். தள்ளுங்க, ஓடுங்க, அவ்வளவுதான்." விசிலை மறுபடியும் ஊதினார்.

அந்த இரண்டாவது ஓட்டத்தைப் பற்றி நீங்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். அது ஒன்றுமில்லாத விஷயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி ஊர் மேல்வாசலைப் பார்த்து ஓடி வந்தது. சிரித்துக்கொண்டே, ஏதோ விளையாட்டுப் போட்டி மாதிரி. பெரிய ஆட்களுக்காக நாலு அடுக்காக விரித்திருந்த பாயைக் காலால் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் கதவின் முன்னால் கையை நீட்டி நின்றேன், கேட்கட்டும் என்று. அசெனாதா தன் பெரிய உடம்போடு வந்து, என் தோளில் கை வைத்து, "நகரு கெலேபி" என்றாள்.

வாக்குக்காரரே என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னாள், அதுவும் ஊர் முன்னால். நான் வெளியே திறந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டேன். என் காலை மிதித்துக்கொண்டு ஊர் வெளியே போனது. ராத்து கைதட்டி ரசித்தார். அன்று மாலை யங்கோனா வேர்ப் பானக் கிண்ணத்தைச் சுற்றிக் குடிக்க உட்கார்ந்தபோது, அதுதான் பேச்சு. "வாக்குக்காரரு நல்லா கதவோட கதவா ஒட்டிக்கிட்டாரு, வண்ணம் பூசுனா தெரியவே தெரியாது" என்று ஒருவன் சொன்னான். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை. ஓர் ஒழுங்கு குலைந்துவிட்டதே என்ற கவலைதான்.

அதனால் சில சின்னத் திருத்தங்கள் செய்தேன். மேல்வாசலுக்கு மேலே பச்சை விளக்கு ஒன்று மாட்டியிருந்தார்கள், அதற்குள் ஒரு மனிதன் ஓடுகிற படம். யோசித்துப் பாருங்கள், ராத்துவின் தலைக்கு மேலே இரவும் பகலும் ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான். விளக்கையும் கதவையும் சேர்த்து மறைக்கிற மாதிரி பெரிய மரப்பட்டைச் சீலை ஒன்றைத் தொங்கவிட்டேன். நல்ல வேலைப்பாடு, பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். பிறகு, மழையில் மரம் உப்பிக்கொண்டு அந்தக் கதவு திறப்பதில்லை என்று ஊருக்குச் சொன்னேன். நான் சொன்னால் ராத்து சொன்ன மாதிரி. யாரும் தள்ளிப் பார்க்கவில்லை.

ரோஷ்னி லதா சோதிக்க வந்த நாளில் சீலையைக் கழற்றி வைத்தேன். கதவு வெண்ணெய் மாதிரித் திறந்தது. "இது எப்பவும் இப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டார். "இப்படித்தான் இருக்கிறது" என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? கடல் பக்கம் என்பதால் புயல் காலத்தில் அந்தக் கதவுக்கு வெளியிலிருந்து குறுக்குக்கட்டை போடுவோம். அந்தக் கட்டை சுவரோரம் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இதைக் கிடங்கில் கொண்டுபோய் வையுங்கள் என்றார். வைக்கிறேன் என்றேன். புயல் சொல்லிவிட்டா வருகிறது, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாடகர் குழுப் போட்டி அன்று நடந்ததுதான் உங்களுக்கு வேண்டும், தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் வந்திருந்தன. மதியம் ஆனபோது உள்ளே எள் விழ இடமில்லை. ஆண்கள் வெள்ளைச் சட்டை, பெண்கள் கணுக்கால்வரை அங்கி, மடியில் குழந்தைகள். கூரையிலிருந்து தென்னங்கீற்றும் காகிதப் பூவும் தொங்கின, கீழ்வாசலுக்குப் பட்டைச் சீலையில் வளைவு கட்டியிருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தேநீர் போடுகிற பெண்கள் அடுப்பைக் கீழ்வாசலுக்கு உள்ளே, வளைவுக்குக் கீழே கொண்டுவர விரும்பினார்கள். அது அட்டைக்கு விரோதம், எனக்குத் தெரியாதா? ஆனால் அவர்கள் நேராகக் கொண்டுவந்து வைத்துவிடவில்லை. இருவர் என் முன்னால் வந்து அமர்ந்து, தலை குனிந்து, அழகாகக் கைதட்டிக் கேட்டார்கள். "மழையில அடுப்பு அணைஞ்சி அணைஞ்சி போகுது, வாக்குக்காரரே. ஓரமா வச்சிக்கிறோம், வாக்குக்காரரே." முறையாகக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்வது எப்படி? சரி என்றேன்.

எங்கள் ஊர்க் குழு பாடிக்கொண்டிருந்தது. அசெனாதா நடுவில் நின்று கையசைத்து நடத்தினாள். மேல்பக்கம் உட்கார்ந்து கீழ்ப்பக்கம் பார்க்கிறவன் நான், அதனால் வளைவில் தீப் பிடித்ததை முதலில் பார்த்தவனும் நான்தான். ஒரு நாக்கு மாதிரி சீலையில் ஏறியது, கீற்றைப் பிடித்தது. பாட்டு நிற்கவில்லை. வெளியே மண்ணைப் போட்டு மூடிய குழியடுப்பில் பன்றி வெந்துகொண்டிருந்தது, புகை வாடை யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை.

ஏன் கத்தவில்லை என்று நேற்று கேட்டீர்கள். ராத்துவின் முன்னால் குரல் உயர்த்தி எனக்குப் பழக்கமில்லை. அவர் காதில் சொன்னேன், எழுந்திருங்கள் என்றேன். முழங்கால் அவருக்கு ஒத்துழைக்காது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, சீலையை விலக்கி, கதவுத் தண்டைத் தள்ளினேன். கதவு திறந்தது. இருவரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினேன். கதவைத் திறந்து போட்டால் காற்று புகுந்து தீ வளரும், வெளியேறியதும் பின்னால் சாத்து என்று அட்டையில் எழுதியிருக்கிறது. நான் எழுதியதில்லை அது. கடைசி ஆள் வெளியேறிய பிறகு என்றும் அதில் இருக்கிறது. எனக்குப் பொறுப்பான ஆள் ஒருவர்தான், அவர் வெளியேறிவிட்டார்.

அவரைப் புல்லில் உட்காரவைத்தேன். இருமினார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கெலேபி, கதவத் தொற. எல்லாரையும் வரச் சொல்லு."

எனக்குக் காதில் விழவில்லை என்று உங்களிடம் முதல்நாள் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். விழுந்தது. தெளிவாகவே சொன்னார்.

ஆனால் அவர் இருந்த நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஈரப் புல்லில், கால் இரண்டும் நீட்டி, சட்டைப் பொத்தான் தெறித்து, முகவாயில் எச்சில் வழிய உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தால் ஏழு ஊர்ச் சனமும் அவரை அப்படிப் பார்க்கும், அவரைத் தாண்டித்தான் ஓடும். முதலில் அவரை ஒழுங்கு செய்தேன். முகத்தைத் துடைத்தேன், சட்டையை இழுத்துவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். எழப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. தவழப் பார்த்தார். பெரிய மனிதர் தவழ்வதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

உள்ளே பாட்டு நின்றது. கீழ்வாசல் முழுக்கத் தீ, ஜன்னலில் கம்பி. நாங்கள் சீலைக்குள் புகுந்து மறைந்ததை முன்வரிசையில் சிலர் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதவு திறக்கும் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. உள்ளிருந்து தண்டை யாரோ தள்ளினார்கள், கதவு விரலகலம் அசைந்தது. நான் போய்க் குறுக்குக்கட்டையை எடுத்துக் கொக்கிகளில் வைத்தேன். இரண்டு பேர் தூக்குகிற கட்டை அது. அன்று நான் ஒருவனாகவே தூக்கினேன், எனக்கே ஆச்சரியம்தான்.

கேட்காமல் தள்ளினார்கள், ஐயா. மறுபடியும் கேட்காமல் தள்ளினார்கள். அதனால்தான்.

கொஞ்ச நேரம் கதவு அதிர்ந்தது. கையால், காலால், தோளால். என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், ராத்துவின் பெயரைக்கூடச் சொல்லிக் கத்தினார்கள். பிறகு ஒரு பெண் குரல் மற்றவர்களை அடக்கியது. குழுவை அடக்குகிற அதே குரல். அடிப்பது நின்றது. கைதட்டல் கேட்டது.

குவித்த உள்ளங்கையால், மெதுவாக, முறைப்படி. கதவுக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் தரையில் அமர்ந்திருக்க வேண்டும், கைதட்டல் தாழ்வாகவே வந்தது. இருமலுக்கு நடுவில் அசெனாதா கேட்டாள். "வாக்குக்காரரே, வழி கேக்குறோம். வாக்குக்காரரே, பொடுசுங்க நெறைய இருக்கு. தப்புதான், வாக்குக்காரரே. வழி விடுங்க."

நான் சந்தோஷப்பட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. அந்த விசில் ஓட்டத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து என் பட்டம் வந்தது அன்றுதான். ஒரே மூச்சில் மூன்று தடவை சொன்னாள். கூடம் கட்டியதிலிருந்து அந்த வாசலில் இவ்வளவு ஒழுங்காக யாரும் கேட்டதில்லை.

கைதட்டல் முடிந்த பிறகுதான் வாக்குக்காரன் பதில் சொல்ல வேண்டும், நடுவில் குறுக்கிடக் கூடாது. நான் நேராக நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, முடிவதற்காகக் காத்திருந்தேன். அது முறையாக முடியவில்லை. ஒவ்வொரு கையாகக் குறைந்து, நடுவிலேயே நின்றுவிட்டது. முடியாத கைதட்டலுக்கு என்ன பதில் சொல்வது என்று என் அப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை.

பக்கத்து மைதானத்தில் இருந்த பையன்கள் ஓடி வந்தார்கள். ராத்து அவர்களைப் பார்த்து நேராகக் கத்திக்கொண்டிருந்தார், பன்றி அறுக்கும்போது வருகிற மாதிரி ஒரு சத்தம். நான் கையை நீட்டி, பொறுங்கள் என்றேன். என்னைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டையைப் பிடுங்கினார்கள். கதவு திறந்ததும் முன்னால் அமர்ந்திருந்தவர்கள் அப்படியே வெளியே சரிந்தார்கள். அடியில் கிடந்த குழந்தைகள் சிலர் பிழைத்தார்கள் என்று சொன்னார்கள், நல்லது. அசெனாதாவின் இரண்டு கையும் அப்போதும் குவிந்தே இருந்தன. இழவுச் செய்தியை ஊர் ஊராகப் போய்ச் சொல்வதும் வாக்குக்காரன் வேலைதான். என்னை அனுப்பவில்லை. யாரோ தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்.

ராத்து மருத்துவமனையில் என்னைப் பார்க்க மறுத்துவிட்டார். வயதானவர், அதிர்ச்சி, எனக்குப் புரிகிறது. இப்போது எல்லோரிடமும் அவரே நேராகப் பேசுகிறாராம். செவிலியரிடம், செய்திக்காரர்களிடம், அழுதுகொண்டே வருகிற சனங்களிடம். என்னைப் பற்றி உங்களிடமும் நேராகச் சொல்லியிருக்கிறார், அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். அவர் உங்களிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கதவை அடைத்தது நான்தான், கட்டையைப் போட்டது நான்தான், உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு காரியம் மீதி இருக்கிறது. அதற்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்க அனுமதி கொடுங்கள், இதை உட்கார்ந்து சொல்லும் வழக்கம் இல்லை.

வைந்தோங்கோ ஊராரும், பாட வந்த மற்ற ஊராரும் கேட்பீர்களாக. மேல்வாசல் திறந்திருக்கிறது, எல்லோரும் வரலாம் என்று ராத்து லெவானி சொல்கிறார்.

சொல்லிவிட்டேன், ஐயா. இனி என் வேலையில் குறை என்று யாரும் சொல்ல முடியாது.